சாம்பல் ஒத்தடம்

பாம்பு கடித்ததைச் சொல்வது சுலபம். அதை ஆளாளுக்குச் சொன்னார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த அத்தனை பேரும் தாங்கள் பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னார்கள்; அன்றைக்கு வேலைக்கே வராதவர்கள் இன்னும் விளக்கமாகச் சொன்னார்கள். கடித்த பிறகு நடந்ததைக் கேட்டால்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதில் எது யாரால் வந்தது என்று எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

கடிபட்டவளை எல்லோரும் ஆயிரத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் கல் அறுக்கிற கை அவளுக்கு. குழைத்த மண்ணின் முன்னால் குந்தி, அச்சுக்குள் மணலைத் தூவி, ஒரு உருண்டையை அறைந்து, மேலே வழித்து, நான்கு மூலையிலும் வலது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் கவிழ்ப்பாள். மற்றவர்கள் அந்த அழுத்தை விட்டுவிடுவார்கள். அவர்கள் கல்லில் மூலை பொக்கையாக இருக்கும், வண்டியில் ஏற்றும்போதே உதிரும். அவள் கல் உதிராது. "மூலை நிறையாத கல்லும் ஒரு கல்லா?" என்பாள். அந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவள் கணவர் அதே சூளையில் தீ போடுகிறவர். தீக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். பற்ற வைத்த நாளிலிருந்து சூளை ஆறும் வரை விறகு தள்ளுவதும், விறகு போகிற வாயை அடைப்பதும், திறப்பதும் அவர் பொறுப்பு. புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே எந்த வரிசை வெந்திருக்கிறது என்று சொல்லுவார். மனுஷரிடம் பேசுவதைவிடத் தீயிடம் அதிகம் பேசுகிற ஆள். "தீக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை, இந்த விஷயம் நடக்கும் வரை.

அறுத்த கல்லை மூன்றாம் நாள் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும், அடிப்பக்கமும் காய்வதற்கு. காலை ஒன்பது மணி இருக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் கையை விட்டாள். கல்லின் முனை கீறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பார்த்தால் முதுகில் வட்ட வட்டப் புள்ளியோடு ஒரு பாம்பு, எந்த அவசரமும் இல்லாமல் அடுத்த வரிசைக்குள் போய்க்கொண்டிருந்தது. வலது கட்டைவிரலின் அடியில் இரண்டு பொட்டு.

அவளுடைய தம்பி லாரி ஓட்டுகிறவன். அந்த நேரம் அங்கேதான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். பாதி லோடு செங்கல்லோடு லாரி அப்படியே கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அந்தப் பாதி லோடு நான்கு நாள் அங்கேயே நின்றது. ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் செங்கல் லாரியை யார் விட்டது என்று காவலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அவள் ரத்தத்தை எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். தண்ணீராக ஓடியது. விஷம் ரத்தத்தை உறைய விடவில்லை என்றார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். திரும்ப எடுத்தார்கள், திரும்பச் சாய்த்தார்கள். மூன்றாவது தடவை சாய்த்தபோது ரத்தம் குழாயின் அடியிலேயே கட்டியாக நின்றது. "பாருங்க, உறைஞ்சிடுச்சு. விஷம் இறங்கிடுச்சு" என்று சின்ன டாக்டர் தீக்காரரிடம் குழாயை நீட்டிக் காட்டினார். தீக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. விவகாரம் முடிந்தது என்று நினைத்தார். அவர் மட்டுமா, எல்லோரும்தான் நினைத்தோம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை முழங்கை வரைக்கும் வீங்கித்தான் இருந்தது. வீக்கம் மெதுவாக வடியும், கையை உயரத் தூக்கி வைக்க வேண்டும், கட்டுத் துணியில் ஈரம் படக்கூடாது, மாத்திரையை விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். தீக்காரர் அத்தனைக்கும் தலையாட்டினார். அவர் காதில் விழுந்து தங்கியது ஒன்றே ஒன்றுதான். ஈரம் படக்கூடாது.

வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சூளையோ எரிந்துகொண்டிருக்கிறது, தீயை விட்டு அவர் நகர முடியாது. அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போய், தீ வாய்க்கு நாலு அடி தள்ளி, சுவர் ஓரமாகக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். அவள் காலை நீட்டி, கையை ஒரு பலகையின் மேல் வைத்துக்கொண்டு, அறுக்கிற பெண்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். வானம் மூடிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் சூளைக்குள் போகாத பச்சைக் கல் எல்லாம் கரைந்துவிடும் என்று வேறு கவலை.

மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் வெங்காயமும் சாப்பிட்டார்கள். அவளுக்கு அவர்தான் பிட்டுக் கொடுத்தார்.

"கை எப்படி இருக்கு?"

"கை இருக்கறதே தெரியலைங்க. எதையோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனமா இருக்கு."

"வலிக்குதா?"

"நேத்து வலிச்சுது. இன்னைக்கு மரத்துப் போச்சு."

"வலி போனா நல்லதுதான்."

"நல்லதா?"

"நல்லதுதானே?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டாக்டர்கிட்ட நின்னு தலைய தலைய ஆட்டினீங்க."

அவர் வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் இழுத்துப் பிடித்து மினுமினுத்தது.

"உள்ள தண்ணி கோத்துக்கிட்டிருக்கு" என்றார்.

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"ஈரம் ஆகாதுன்னார். வெளிய இருக்கற ஈரமே ஆகாதுன்னா, உள்ள இருக்கறது ஆகுமா?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இருபது வருஷமாக இருவரும் செய்த வேலையே அதுதானே. அவள் ஈரத்தைச் சேர்த்துக் கல் ஆக்குவாள், அவர் அந்த ஈரத்தைத் துரத்தி அதைக் கெட்டிப்படுத்துவார். சூளைக்காரர்கள் இடுப்பு பிடித்தாலும், தோள் இறங்கினாலும், கால் பிசகினாலும் சாம்பல் ஒத்தடம்தான் வைப்பார்கள். தீ வாயிலிருந்து சுடு சாம்பலை வாரித் துணியில் முடிந்து, நொந்த இடத்தில் வைத்துக் கட்டிவிட்டால், சாயங்காலத்துக்குள் ஆள் எழுந்து மூட்டை தூக்குவான். நானே வைத்திருக்கிறேன், கேட்கும்.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டை அவிழ்த்து, சாம்பல் முடிச்சை விரலின் மேல் வைத்து, அதன் மேல் துணியைச் சுற்றினார். மூன்று நாள், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூன்றாம் நாள் கட்டைவிரலின் மேல் தோல் காய்ந்து, சுருங்கி, கறுத்திருந்தது. வீக்கமும் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி தெரிந்தது. "காஞ்சிடுச்சு பாத்தியா?" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

நான்காம் நாள் காலையில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவ்வளவு காய்ச்சல். கையிலிருந்து வந்த வாடை கட்டிலைத் தாண்டி வந்தது.

லாரி மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை செங்கல் இல்லை.

கட்டுப் போடும் அறையில் இருந்த நர்ஸ் வயசானவர், பேச்சுக் குறைவு, கை பூ மாதிரி. கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து கிட்டத்தில் பார்த்தார். கறுத்த தோலின் ஓரத்தில் சீழ் கசிந்தது. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சீழைத் தொட்டு எடுத்து, ஒரு குழாயில் போட்டு மூடினார். லேபுக்கு என்று சொன்னார். பிறகு இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன? சாம்பலா?"

தீக்காரர் முந்திக்கொண்டார். "கடிச்ச இடத்துல... அங்க எல்லாம் மண்ணும் சாம்பலுமாத்தான் கிடக்கும் சிஸ்டர்."

"கடிச்சு ஒம்போது நாள் ஆச்சு. நான் நாலு தடவை கழுவிக் கட்டி அனுப்பியிருக்கேன்."

காய்ச்சலில் கண் மூடிக் கிடந்த ஆயிரத்தக்கா கண்ணைத் திறந்து தீக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள்.

"காத்துல பறக்கும் சிஸ்டர். சூளைன்னா அப்படித்தான். நாங்க சாப்பிடற ரொட்டியிலயே சாம்பல் இருக்கும்."

நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஊசி. பழைய மாத்திரையின் அண்ணன் மாதிரியாம் அந்த ஊசி, இன்னும் பலமானதாம். ஒரு நாள் போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கவில்லை. வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் தீக்காரரும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நல்லவன்தான், ஆனால் போனை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். ஏழு பேரிடம் பேசிவிட்டான். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொல்லியிருந்தார்கள்.

"மாமா, பாம்போட பல்லு உள்ளயே நின்னுடுமாம். அதுதான் சீழ் புடிக்குதுங்கறான் ஒருத்தன்."

"பல்லா?"

"இன்னொருத்தன் சொல்றான், விஷமே முழுசா இறங்கலை, இவங்க அவசரப்பட்டு அனுப்பிட்டாங்கன்னு. இன்னும் பத்து பாட்டில் விஷமுறிவு ஏத்தச் சொல்லுங்கங்கறான்."

"ரத்தம் உறைஞ்சுதே மாப்ள. நான் கண்ணால பாத்தேனே."

"அதான் எனக்கும் குழப்பம். பாம்பே கடிக்கலை, வேற ஏதோ பூச்சிங்கறான் ஒருத்தன்."

"உங்கக்கா பாம்பைப் பாத்தாளே."

"அக்கா பாத்துச்சு. அவன் பாக்கலையே. அதனால அவனுக்குத் தெளிவா இருக்கு."

தீக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாத ஒன்றையே மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். சாம்பலால் வந்ததா? அப்படியானால் சூளையில் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார், ஒருத்தருக்கும் வரவில்லையே? பாம்பால் வந்ததா? அப்படியானால் இறங்கிய விஷம் எப்படித் திரும்ப ஏறும்? தீயில் ஒரு வரிசை கருகினால் எந்த விறகு, எந்த நேரம், எந்த வாய் என்று அவரால் சொல்ல முடியும். இங்கே ஒன்றுக்கும் கணக்குப் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை லேபிலிருந்து காகிதம் வந்தது. மூத்த டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தார். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைவி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள்.

"கிருமி என்னன்னு தெரிஞ்சுபோச்சு" என்று ஒரு பெயரைச் சொன்னார். தம்பி அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்து மூன்று தடவையும் வேறு வேறாகச் சொன்னான்.

"பாம்பு விஷத்துலயா டாக்டர் கிருமி இருக்கு?" என்று தீக்காரர் கேட்டார்.

"விஷம் வேற, கிருமி வேற. பாம்பு வாயில ரெண்டும் இருக்கும். விஷமுறிவு விஷத்தை மட்டும்தான் புடிக்கும், கிருமிக்கிட்ட போகாது. அதனால விஷம் இறங்கினதும் உண்மை, இப்ப சீழ் புடிச்சிருக்கறதும் உண்மை."

"அப்ப மாத்திரை குடுத்தீங்களே?"

"குடுத்தோம். வழக்கமா குடுக்கறதைக் குடுத்தோம். இந்தக் கிருமி அதுக்கு மசியாது, இந்தக் காகிதம் வந்தப்பறம்தான் தெரியுது. ஊசியை மாத்திட்டேன். இது கேட்கும்."

"கிருமி பாம்பு வாயில இருந்துதான் வந்துச்சா? வேற எங்கிருந்தும் வரலையே?"

அவர் அதைக் கேட்ட விதத்தில் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "வந்திருக்கலாம். அழுக்குத் துணி, தண்ணி, மண்ணு, எங்கயும் இருக்கற கிருமிதான் இது. கிருமி பேரைச் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் தீக்காரர்.

புது ஊசி கேட்டது. மறுநாள் காலை காய்ச்சல் இறங்கி, ஆயிரத்தக்கா எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாள். தூறலில் தன் பச்சைக் கல் நனைந்ததா என்று தம்பியைக் கேட்டாள். தார்ப்பாய் போட்டு மூடியாச்சு என்று அவன் பொய் சொன்னான். ஆனால் கட்டைவிரல் கறுத்தபடியே இருந்தது. பத்து மணிக்கு நர்ஸ் வந்து, டாக்டரம்மா கூப்பிடுகிறார், கையெழுத்துப் போட வேண்டும் என்று தீக்காரரை அழைத்தார்.

"எதுக்குக் கையெழுத்து?"

"விரலை எடுக்க வேண்டியிருக்கும்னு சொல்றாங்க. நீங்களே கேட்டுக்கங்க."

நடைக்கூடம் நீளம். அந்த நீளத்தை அவர் எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. கல் அறுக்க முடியாத பெண்ணாக அவளை நினைத்துப் பார்க்க முயன்றார், முடியவில்லை. மூலையை எதால் அழுத்துவாள்? சாம்பலைச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சொன்னால் திட்டுவார்கள். திட்டட்டும். வைத்தியத்தையே நிறுத்திவிட்டால்? நீ கெடுத்ததை நீயே பார் என்று சொல்லிவிட்டால்? பாதி வழியில் நின்றார். திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தார். பிறகு, பொய் சொல்லி அவள் விரலை வெட்டக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் எந்த முகத்தோடு உட்காருவது என்று தோன்றியது. உள்ளே போனார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். சாம்பல்..."

"தெரியும். உங்க வீட்டம்மா காலையிலயே சொல்லிட்டாங்க."

"சொல்லிட்டாளா?"

"நீங்க வேலையில இருந்தப்ப, உங்களுக்குத் தெரியாம அவங்களே கட்டிக்கிட்டாங்களாம். உங்களைத் திட்டக் கூடாதுன்னு வேற சொன்னாங்க."

வலது கை மரத்துப்போன பெண், இடது கையால் சுடு சாம்பலை வாரி, துணியில் முடிந்து, தானே கட்டிக்கொண்டாளாம். எந்த மடையன் நம்புவான்? டாக்டரம்மா நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு அவங்களைக் கேட்டேன். தெரியலைங்கறாங்க. எவ்வளவு நேரம்னு கேட்டேன், அதுவும் தெரியலைங்கறாங்க. எனக்கு அதுதான் தெரிஞ்சாகணும்."

"அதை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"இந்தக் கறுப்பு ரெண்டு விதமா வந்திருக்கலாம். விஷமும் கிருமியும் சேந்து உள்ள சதை செத்துக் கறுத்திருந்தா, விரலை எடுத்துத்தான் ஆகணும். விட்டா கைக்கு ஏறும். மேல் தோல் மட்டும் சூட்டுல வெந்து கறுத்திருந்தா, அதை உரிச்சுட்டு உள்ள உயிர் இருக்கான்னு பாத்து, ரெண்டு நாள் பொறுக்கலாம். பொறுக்கறதும் ஆபத்துதான். ஒண்ணுமே தெரியாம நான் பொறுக்க மாட்டேன்."

"நான்தாங்க வச்சேன்" என்றார் தீக்காரர். "அவ இல்லை. மூணு நாளும் நான்தான்."

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"எந்தச் சாம்பல்?"

"வெள்ளைச் சாம்பல்ங்க. கங்கு ஒண்ணுகூட இல்லாம சலிச்சது. வாயில இருந்து எடுத்து, தகரத்துல பரப்பி, நூறு எண்ற வரைக்கும் ஆறவிட்டேன். துணி மூணு மடிப்பு."

"எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"ஒரு வாய்க்கு விறகு தள்ளி முடிக்கற நேரம். கால் மணிக்குக் கொஞ்சம் கூட."

"சூடு பாத்தீங்களா?"

"பாக்காம வைப்பனா? என் முழங்கையில வச்சுப் பாத்தேன். சுருக்குன்னு இருந்துச்சு, தாங்கற சூடுதான்."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். டாக்டரம்மா அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். ரோமம் கருகி ரோமமே முளைக்காத தோல், தடித்துக் காய்ந்து போயிருந்தது. கையில் இருந்த பேனா முனையால் மெதுவாகக் குத்தினார். "தெரியுதா?" இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இப்ப?"

"இப்பத் தெரியுது."

இரண்டு பேரும் அந்தத் தோலையே பார்த்தார்கள். தீக்காரருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவர் முகம் மாறியது.

"சுட்டிருந்தா கையை இழுத்திருப்பாளே டாக்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மரத்த கை எங்கே இழுக்கும்?

"எந்தப் பக்கம் வச்சீங்க?"

"விரலுக்கு மேல்பக்கம். கீழ பலகை இருந்துச்சு. உள்ளங்கைப் பக்கம் படவே இல்லைங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி, திறந்து, மூடினார். "கறுப்பும் மேல்பக்கம்தான் இருக்கு. கீழ்ப்பக்கம் சிவப்பாத்தான் இருக்கு. நான் அதைத்தான் நேத்திலிருந்து யோசிச்சிட்டிருக்கேன்." மேஜையில் இருந்த காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். "உரிச்சுப் பாக்கறேன். செத்த சதையை மட்டும் எடுக்கறேன். உள்ள ரத்தம் கசிஞ்சா விரலை விட்டுட்டு வந்துடுவேன். கசியலைன்னா எடுத்துடுவேன். ரெண்டுக்கும் சேத்துக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பெயர் இரண்டு வரியில் விழுந்தது. போட்டுவிட்டும் போகவில்லை.

"பாம்பு பண்ணினது எவ்வளவு, நான் பண்ணினது எவ்வளவுன்னு சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க. விஷம் சதையைக் கெடுத்துச்சு. கெட்ட சதையில கிருமி உக்காந்துச்சு. மொதல்ல குடுத்த மருந்து அதுக்குக் கேக்கலை, அது எங்க பங்கு. அதுக்கு மேல உங்க சூடு. எதை எடுத்துட்டா எது நடந்திருக்காதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

"என்னைத் திட்டவாவது செய்யுங்க."

"எனக்கு நேரம் இல்லை" என்று எழுந்தார் டாக்டரம்மா. கண்ணாடி தலையிலேயே இருந்தது. அதை நர்ஸ்தான் எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. தம்பி பெஞ்சுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தான். தீக்காரர் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவனோ, "எனக்கும் இடுப்புக்கு நீங்கதானே மாமா வச்சீங்க, எனக்கு நல்லாத்தானே ஆச்சு?" என்றான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. வாங்கி வந்த ரொட்டியை இருவரும் பிரிக்காமலே வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து, "கசிஞ்சுது" என்றார். "விட்டுட்டு வந்திருக்கேன். நகம் போச்சு, மேல சதை கொஞ்சம் போச்சு. அசையுமான்னு இப்பச் சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கலாம்."

இரண்டு நாளும் ஊசி போனது. காலையும் மாலையும் கழுவிக் கட்டினார்கள். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாடை இல்லை" என்று மட்டும் சொல்வார். அவர் பேச்சுக்கு அதுவே பெரிய பேச்சு. ஆயிரத்தக்கா கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தீக்காரர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் மழையைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை, கஞ்சி குடித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"டாக்டர்கிட்ட நீங்க சொல்லிட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"டாக்டரே சொன்னாங்க. நான்தான் வச்சேன்னு சொல்லியிருந்தேனே, எதுக்கு நடுவுல போய் வாயைத் திறந்தீங்க? உங்களை எல்லாரும் பேசக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"யாரும் பேசலை."

"திட்டலையா?"

"திட்டலை. டாக்டருக்கு நேரம் இல்லையாம். உன் தம்பி அவன் இடுப்பைப் பத்திப் பேசறான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை." அவர் குரல் உடைந்துவிட்டது. ஐம்பது வயசு ஆள், கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு நடுவில் அழுதார்.

அவள் இடது கையால் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் திட்டவா?"

"திட்டு."

திட்டினாள். அதுவரை அவள் குரல் இவ்வளவு பெரிது என்று அந்த வார்டுக்குத் தெரியாது. சாம்பலில் ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னதில் ஒன்றைக் கேட்டு ஒன்பதை விட்டதற்கு, மாட்டுத்தோல் முழங்கையில் சூடு பார்த்ததற்கு, தன்னை ஒரு வார்த்தை கேட்காததற்கு, அவர் சொன்னது தனக்கும் அப்போது நியாயமாகப் பட்டதற்கு, அந்த நேரத்தில் தன் வாயைக் கட்டிய புத்திக்கு. அங்கிருந்து பழைய பாக்கிகளுக்குப் போனாள். தீயோடு பேசுகிற நேரத்தில் பாதியாவது வீட்டில் பேசியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் போர்வையை வாயில் திணித்துக்கொண்டார். தீக்காரர் தலையைக் குனிந்து ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றார். அழுகை நின்றிருந்தது.

"உங்களைத்தான் சொல்றேன், கேக்குதா?" என்று அவள் கட்டுப்போட்ட கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். வெள்ளைத் துணிக்குள் ஏதோ துள்ளியது.

வசவு நின்றது. அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"பொய் இல்லை. கட்டைவிரல்தான். கொஞ்சமாத்தான். ஆனா அசைஞ்சுது."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் திட்டறேன்" என்றாள். "நீங்க விரலையே பாத்துட்டிருங்க."